நிமிர்ந்து நின்ற டைனமோ

மனிதர்களுக்கு மட்டும்தான் இடம் சரியாக அமைய வேண்டும் என்பதில்லை. பொருள்களுக்கும் அமைய வேண்டும். முதல் தரமான அம்மியாக இருக்கலாம். அதைக் கொண்டுபோய்க் கை வீச இடமில்லாத மூலையில் போட்டுவிட்டால், அரைக்கிறவள் அம்மியைத்தான் வைவாள்; அங்கே கொண்டுபோய்ப் போட்டவனை வைய மாட்டாள். உலகத்தின் வழக்கம் அது.

மோட்டார் வண்டியின் சரித்திரத்திலும் இப்படி வீண் வசை வாங்கிக் கட்டிக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் டைனமோ. சைக்கிளில் சக்கரத்தோடு உரசிச் சுழன்று விளக்கை எரிய வைக்கும் சிறு குப்பியை நம்மில் அநேகர் பார்த்திருக்கிறோம். மோட்டார் வண்டியின் டைனமோ அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யந்திரம் ஓடும்போது அதனோடு சேர்ந்து தானும் சுழலும், மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரத்தைப் பாட்டரியில் சேர்த்து வைக்கும். விளக்கு, ஹார்ன், யந்திரத்தைக் கிளப்பும் மோட்டார் எல்லாம் அந்தச் சேமிப்பை நம்பிப் பிழைக்கின்றன. சம்பாதிக்கிற பிள்ளை ஒருவன்; சாப்பிடுகிற வாய்கள் பல.

இப்போது வருகிற வண்டிகளில் டைனமோ கிடையாது. அந்த ஸ்தானத்தில் ஆல்ட்டர்னேட்டர் இருக்கிறது. பழைய வண்டிகளைப் பிள்ளையைப்போல் வளர்க்கிறவர்கள், டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்ட்டர்னேட்டரை வைக்கலாமா, வைத்தால் எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேலையற்றவர்களின் கவலையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கவலைக்குப் பின்னால் தொண்ணூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. ஓர் ஆகாய விமானம், ஒரு திவாலான கம்பெனி, இரண்டு பெரிய முதலாளிகளின் போட்டி, பந்தய மைதானத்தில் கிடைத்த கீர்த்தி எல்லாம் அந்தக் கதையில் வருகின்றன.

ஆதி மோட்டார் வண்டிகளில் மின்சாரம் என்பது யந்திரத்துக்குள் பொறி உண்டாக்குவதற்கு மட்டும்தான். முன்விளக்குகளுக்குக் கார்பைடில் தண்ணீர் சொட்டி உண்டாகும் அசெட்டிலின் வாயு. யந்திரத்தைக் கிளப்ப, வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். யந்திரம் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்படி உதைத்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். ஒஹையோ மாகாணத்தின் டேட்டன் நகரத்தில் கடைக்காரர்களுக்குக் கல்லாப்பெட்டி யந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாப்பெட்டியைத் திறந்து மூட ஒரு சின்ன மின்சார மோட்டார் அமைத்துக் கொடுத்தார். அதில் அவர் கண்ட சூட்சுமம் இது: நாள் முழுவதும் உழைக்க வேண்டிய மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும், ஒரு நிமிஷம் தம் பிடித்து வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டார் சிறிதாக இருந்தாலும் போதும். அதே யோசனையை மோட்டார் வண்டிக்குத் திருப்பினார். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் யந்திரத்தைக் கிளப்புவது, பொறி கொடுப்பது, விளக்கு எரிப்பது ஆகிய மூன்றையும் மின்சாரமே செய்தது. கிளப்பும் மோட்டாரே, யந்திரம் ஓடத் தொடங்கியதும், மின்சாரம் உண்டாக்கும் கருவியாக மாறிக்கொள்ளும். செலவழித்த கையே சம்பாதிக்கவும் செய்தது!

அதற்கப்புறம் மின்சாரம் வேண்டாத வண்டி இல்லை என்று ஆயிற்று. ஆனால் புதிதாக ஒரு தலைவலி பிறந்தது. மருமகள் வந்துவிட்டாள், அவளுக்கு எந்த அறையைக் கொடுப்பது?

டைனமோ கேட்கிற சௌகரியங்கள் நான்குதான். யந்திரத்தின் சுழற்சி அதற்கு எட்ட வேண்டும். புகைக் குழாயின் சூடு படக் கூடாது. எண்ணெயும் தண்ணீரும் அண்டக் கூடாது. பழுது வந்தால் மெக்கானிக்கின் கை உள்ளே போக வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் யந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தால், ஏற்கெனவே ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு பாத்தியதைக்காரன் இருப்பான். ஆகையால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய இடத்தில் டைனமோவை வைத்தது. சிலர் யந்திரத்தின் விலாவில் வைத்துப் பல்சக்கரத்தால் ஓட்டினார்கள். சிலர் பெல்ட் போட்டு இழுத்தார்கள். 1932-ல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட எட்டு சிலிண்டர் வண்டியில், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே உச்சியில் அதை உட்கார வைத்து, அதன் மூக்கிலேயே விசிறியையும் மாட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமான இடத்தைக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் டைனமோவைப் படுக்க வைக்கவில்லை. செங்குத்தாக நிற்க வைத்தார்கள். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

முதலாவது உலக யுத்தத்தின்போது மார்க் பிர்க்கிட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பார்சிலோனா நகரத்தில் ஹிஸ்பானோ-சூயிசா கம்பெனிக்காக ஓர் அருமையான விமான யந்திரத்தை அமைத்தார். அதில் எட்டு சிலிண்டர்கள். யந்திரத்துக்குள் வாயு போகவும் வரவும் வழிவிடும் வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு ‘காம் ஷாஃப்ட்’ என்ற தண்டு ஒன்று உண்டு. பிர்க்கிட் அந்தத் தண்டை யந்திரத்தின் தலைமேல் வைத்தார். கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஒரு நெட்டுத் தண்டு மேலே ஏறி, கூம்பு வடிவப் பல்சக்கரங்களால் அந்தக் காம் ஷாஃப்டைச் சுழற்றியது. இந்த யந்திரத்தை அனுமதி பெற்று இங்கிலாந்தில் செய்தவர்கள் வூல்ஸ்லி கம்பெனியார். ‘வைப்பர்’ என்று அவர்கள் பெயரிட்ட யந்திரம் எஸ்.ஈ.5ஏ என்ற பிரசித்தி பெற்ற யுத்த விமானத்தில் பறந்தது.

யுத்தம் முடிந்தது. விமான யந்திரம் கேட்பாரில்லை. ஆனால் கற்ற வித்தை கையில் இருந்தது. வூல்ஸ்லி தன்னுடைய மோட்டார் வண்டிகளிலும் காம் ஷாஃப்டைத் தலைமேல் ஏற்றியது. வித்தை பெரிதாக இருந்து என்ன? வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்து 1926-ல் கம்பெனி திவாலாயிற்று. அதை வாங்கப் போட்டி போட்டவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஆஸ்டின். ஒரு காலத்தில் வூல்ஸ்லியை நிர்வகித்தவர். வளர்த்த வீட்டை வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்காதா? ஆனால் 1927-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் மோரிஸ் 7,30,000 பவுன் கொடுத்து அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு நிற்கவில்லை அந்தப் போட்டி. ஆஸ்டின் 1922-ல் வெளியிட்ட ‘ஆஸ்டின் செவன்’ என்ற குட்டி வண்டி இங்கிலாந்தின் மத்தியதரக் குடும்பங்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டிருந்தது. மோரிஸுக்கும் ஒரு குட்டி வண்டி வேண்டியிருந்தது. வூல்ஸ்லியில் அதற்கேற்ற யந்திரம் தயாராகிக்கொண்டிருந்தது. 847 சி.சி. கொள்ளளவு; நான்கு சிலிண்டர்; தலைமேல் காம் ஷாஃப்ட். விமான யந்திரத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். 1928-ல் ‘மோரிஸ் மைனர்’ பிறந்தது.

இந்த யந்திரத்தை வரைந்தவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. கீழேயிருந்து மேலே போகும் நெட்டுத் தண்டு ஒன்று எப்படியும் வேண்டும். டைனமோவுக்குள்ளும் சுழலும் தண்டு ஒன்று இருக்கிறது. இரண்டு தண்டு எதற்கு? டைனமோவை யந்திரத்தின் முன்னால் செங்குத்தாக நிறுத்திவிட்டால், அதன் தண்டே நெட்டுத் தண்டாகவும் வேலை செய்யுமே! கீழ் முனையைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்றும். மேல் முனை காம் ஷாஃப்டைச் சுழற்றும். பெல்ட் வேண்டாம். சங்கிலி வேண்டாம். யந்திரத்தின் நீளமும் குறையும். ஒரு சம்பளத்தில் இரண்டு உத்தியோகம்.

காகிதத்தில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய யோசனைதான். ஆனால் எண்ணெய்க்குக் காகிதம் படிக்கத் தெரியாது.

காம் ஷாஃப்டும் அதன் பல்சக்கரங்களும் ஓயாமல் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்துபோகும். அந்த எண்ணெய் இருப்பது யந்திரத்தின் தலையில். டைனமோ நிற்பது அதற்கு நேர் கீழே. இரண்டுக்கும் நடுவே சுழலும் தண்டு. மேலே இருக்கும் எண்ணெய் கீழே இறங்க வேண்டும் என்பது பகவான் வகுத்த நியதி. எத்தனை அடைப்புப் போட்டாலும், வருஷம் சென்று அடைப்புத் தளர்ந்ததும், தண்டின் வழியாக எண்ணெய் கசிந்து டைனமோவுக்குள் இறங்கிவிடும்.

டைனமோவுக்குள் என்ன இருக்கிறது? செப்புத் துண்டங்களை வட்டமாக அடுக்கிய ஓர் உருளை. அதை உரசிக்கொண்டு நிற்கும் கரித் துண்டுகள். உண்டான மின்சாரம் முழுவதும் அந்த உரசலின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கரித்தூளும் எண்ணெயும் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கண் மை தயாரித்த பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். கரித் துண்டுகள் அந்த மையில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் குறையும். பாட்டரி இளைக்கும். விளக்கு மங்கும். அமாவாசை இரவில் காட்டுப் பாதையில் போகிறவனுக்கு இதைவிட வேறு என்ன ஆபத்து வேண்டும்?

சரி, டைனமோவைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடலாமே என்று கேட்கலாம். மற்ற வண்டிகளில் செய்யலாம். இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் டைனமோ கைக்கு வந்துவிடும். இங்கே அப்படியில்லை. டைனமோவைக் கழற்றினால் காம் ஷாஃப்டுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் உள்ள சம்பந்தமே அறுந்துபோகிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது காம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். எந்தக் கணத்தில் எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற கணக்கு அந்தப் பற்களின் சேர்க்கையில்தான் இருக்கிறது. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் யந்திரத்துக்கு மூச்சு முட்டிவிடும். விளக்குத் திரியைத் தூண்டப் போனவன், வீட்டுக்காரருடைய நுரையீரலில் கை வைக்க வேண்டியிருந்தது!

இன்னொரு தொல்லையும் உண்டு. டைனமோவின் உள் உருளை இரும்பும் செம்பும் சேர்ந்த கனமான வஸ்து. யந்திரத்தை முடுக்கினால், ‘இதோ வருகிறேன்’ என்று அது சற்றுப் பின்தங்கும். வேகத்தைக் குறைத்தால், நிற்க மாட்டேன் என்று ஓடும். இந்த இழுபறி முழுவதையும் தாங்க வேண்டியவை காம் ஷாஃப்டை ஓட்டும் பல்சக்கரங்கள். அவை தேய்ந்து சத்தம் போட்டதில் அதிசயமில்லை.

மோரிஸ் கணக்கில் புலி. குட்டி வண்டி வாங்குகிறவர்களுக்குத் தலைமேல் காம் ஷாஃப்ட் இருந்தால் என்ன, காலடியில் இருந்தால் என்ன? 1931-ல் பக்கவாட்டு வால்வுகள் கொண்ட சாதாரண யந்திரத்தைப் போட்டு, மைனர் வண்டியை 100 பவுனுக்கு விற்கத் தொடங்கினார். நிமிர்ந்து நின்ற டைனமோவின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் செய்தவர் ஸெஸில் கிம்பர். மோரிஸுக்குச் சொந்தமான ‘மோரிஸ் கராஜஸ்’ என்ற விற்பனை நிலையத்தின் மானேஜர் அவர். வண்டியை விற்பதோடு திருப்தி அடையாமல், அதற்கு வேறு உடலும் வேறு உயிரும் கொடுக்க வேண்டும் என்று துடித்தவர். அந்த நிலையத்தின் முதல் எழுத்துக்கள்தான் ‘எம்.ஜி.’ என்ற பெயர். மைனரின் அடிச்சட்டத்தையும் யந்திரத்தையும் எடுத்துக்கொண்டு, துணி போர்த்திய இலேசான உடலைக் கட்டி, படகின் வால் போல் பின்புறத்தைக் கூராக்கி, 1928-ஆம் வருஷத்து லண்டன் கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தார். ‘எம்.ஜி. மிட்ஜெட்’ என்பது அதன் பெயர். விலை 175 பவுன். பந்தய வண்டி என்பது பிரபுக்களின் சொத்தாக இருந்த காலத்தில், மாதச் சம்பளக்காரன் கனவு காணத்தக்க விலை அது. 3,235 வண்டிகள் செய்தார்கள்.

கிம்பருக்கு அந்த யந்திரம் உயிர். காம் ஷாஃப்ட் தலைமேல் இருப்பதால் யந்திரம் வேகமாகச் சுழன்றது. வேகமாகச் சுழன்றால் சக்தி கூடிற்று. எண்ணெய் சொட்டினால் சொட்டட்டும் என்று அவர் அதைக் கைவிடவில்லை. அதன் பலனை உலகமே பார்த்தது.

1930-ல் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் ‘டபிள் ட்வெல்வ்’ என்ற பந்தயம் நடந்தது. இருபத்து நாலு மணி நேரப் பந்தயம்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் குடியிருந்த கனவான்கள் இரவில் சத்தம் கூடாது என்று தடுத்திருந்தபடியால், பகலில் பன்னிரண்டு மணியாக இரண்டு நாள் ஓட்டினார்கள். குட்டி மிட்ஜெட்டுகள் கோஷ்டிப் பரிசைத் தட்டிக்கொண்டு போயின. இராத்திரி ஓட்டம் இல்லாததில் டைனமோவுக்கும் நிம்மதி! 1931 பிப்ரவரியில் ஜார்ஜ் ஐஸ்டன் பிரான்ஸ் தேசத்து மாந்த்லேரி மைதானத்தில், 750 சி.சி. வகுப்பில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். 1933-ல் ஆறு சிலிண்டர் கொண்ட ‘கே 3’ வண்டி, இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. அதே வருஷம் இத்தாலிய வீரர் டாட்சியோ நுவோலாரி அந்த ரகத்து வண்டியில் ஏறி அல்ஸ்டர் பந்தயத்தில் வெற்றி பெற்றார். இந்த வண்டிகளிலெல்லாம் ரேடியேட்டருக்குப் பின்னால் அதே டைனமோ, துவாரபாலகனைப்போல் நிமிர்ந்து நின்றது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சம்பவம் 1935-ல் பிரான்ஸின் லே மான் பந்தயத்தில் நடந்தது. அது நிஜமாகவே பகலும் இரவும் இருபத்து நாலு மணி நேரம் ஓடும் பந்தயம். மூன்று ‘பி’ ரக மிட்ஜெட் வண்டிகளை ஐஸ்டன் அழைத்துக்கொண்டு போனார். ஓட்டியவர்கள் ஆறு பேர்; ஆறு பேரும் பெண்கள். பத்திரிகைகள் கேலியாக ‘ஐஸ்டனின் நர்த்தன மகளிர்’ என்று பெயர் வைத்தன. பெரிய பெரிய வண்டிகளெல்லாம் நடுவழியில் நின்றுபோன அந்தப் பந்தயத்தில், மூன்று மிட்ஜெட்டுகளும் கடைசி வரையில் ஓடி முடித்தன. இரவு முழுவதும் அந்தப் பெண்களுக்கு வழிகாட்டிய வெளிச்சம், எல்லோரும் வைத அதே டைனமோவிலிருந்து வந்தது. ஒழுங்காகப் பராமரித்தால் அது கைவிடாது என்பதற்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வருஷமே காலம் மாறிவிட்டது. நஃபீல்டு பிரபுவாகிவிட்ட வில்லியம் மோரிஸ், தன் சொந்தச் சொத்தாக இருந்த எம்.ஜி.யை மோரிஸ் மோட்டார்ஸ் கம்பெனிக்கு விற்றார். பந்தய இலாகாவை மூடினார்கள். 1936-ல் ‘டி.ஏ.’ என்ற புதிய மிட்ஜெட் வந்தது. 1,292 சி.சி. யந்திரம், காம் ஷாஃப்ட் கீழே, டைனமோ எல்லா வண்டிகளிலும் இருப்பதுபோல் யந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெல்ட்டால் சுழன்றது. எண்ணெய் சொட்டவில்லை. கழற்றி மாட்டச் சுலபம். ஆனாலும் பழைய அன்பர்கள் முகத்தைச் சுளித்தார்கள். தொல்லை தீர்ந்த சந்தோஷத்தைவிட, தொல்லையோடு சேர்ந்து தனித்தன்மையும் போய்விட்டதே என்ற துக்கம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கிம்பரையும் 1941-ல் வெளியே அனுப்பினார்கள். 1945-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் அவர் இறந்துபோனார்.

இனி ஆல்ட்டர்னேட்டரின் கதை. டைனமோவில் சம்பாத்தியம் முழுவதும் சுழலும் உருளையில் உண்டாகி, கரித் துண்டுகளின் உரசல் வழியாக வெளியே வருகிறது என்று சொன்னேன். ஆல்ட்டர்னேட்டர் அதைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே சுழல்வது காந்தம். அதற்கு வேண்டிய கொஞ்சம் மின்சாரம் மட்டும் உரசல் வழியாகப் போகிறது. பெரிய சம்பாத்தியம் சுற்றிலும் அசையாமல் இருக்கும் கம்பிச் சுருளில் உண்டாகிறது. ஆகையால் தேய்மானம் குறைவு. எத்தனை வேகத்திலும் சுழற்றலாம். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடினால்கூட மின்சாரம் வரும். ஒரே குறை, அந்த மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டிருக்கும். பாட்டரிக்கு அது ஆகாது. திசையைச் சீராக்கும் சாதனம் பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்த வரையில் போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ் போன்றவற்றில்தான் ஆல்ட்டர்னேட்டரை வைத்தார்கள். சிலிக்கன் டயோடு என்ற கடுகத்தனை வஸ்து மலிவானதும் கதவு திறந்தது. 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன்னுடைய ‘வேலியன்ட்’ வண்டியில் அதைப் பொருத்தியது. இங்கிலாந்தில், 1962-ல் டைனமோவோடு பிறந்த ‘எம்.ஜி.பி.’ வண்டி, 1967-ன் இறுதியில் ஆல்ட்டர்னேட்டருக்கு மாறிற்று. அதன் பழைய டைனமோ 22 ஆம்பியர் கொடுத்தது. பின்னால் வந்த லூகாஸ் ஆல்ட்டர்னேட்டர் ஒன்று 34 ஆம்பியர் கொடுத்தது.

அந்த எம்.ஜி.பி. யந்திரத்துக்கு நம் ஊரில் ஓர் உறவுக்காரர் உண்டு. 2014 வரையில் நம் தேசத்தில் தயாரான அம்பாஸடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. யந்திரம், எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. யந்திரத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் டைனமோ யந்திரத்தின் விலாவில், பெல்ட் போட்ட நிலையில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் ஏற்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை இத்தகைய மோட்டார் மின்சாரச் சாமான்களுக்காகவே வந்ததுதான். ஆகவே நம் மெக்கானிக்குகளுக்கு இந்த விவகாரம் அந்நியமானதல்ல.

அம்பாஸடர் மாதிரி வண்டியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்ட்டர்னேட்டரை வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அலட்சியமும் கூடாது. மூன்று கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்; நூலிழை தப்பினாலும் பெல்ட் தின்றுபோகும். பெல்ட் கப்பியைத் தாராளமாகக் கட்டித் தழுவ வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்திருப்பார்கள். பின்னால் வந்த ஆல்ட்டர்னேட்டர்கள் பெரும்பாலும் எதிர்முனையை இணைக்கச் சொல்கின்றன. இதைக் கவனிக்காமல் கம்பியை மாட்டினால், டயோடுகள் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்பியின் கனம். பழைய வண்டியில் மின்சாரம் அநேகமாக முழுவதும் முகப்பில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் வழியாகப் போய் வரும். இருபது ஆம்பியருக்கென்று போட்ட கம்பியில் நாற்பதைத் திணித்தால், கம்பி சூடேறும், மேல் துணி கருகும், வண்டியே தீப்பிடிக்கலாம். வாய்க்காலை அகலமாக்காமல் ஏரியைத் திறந்துவிடலாமா?

நிமிர்ந்த டைனமோ உள்ள மிட்ஜெட்டின் சொந்தக்காரருக்கோ சங்கடம் வேறு விதமானது. மற்றவர்கள் டைனமோவை எடுத்துவிட்டால் அந்த இடம் காலி. இவருக்குக் காலி ஆகாது. ஏனென்றால் டைனமோவின் தண்டு இல்லாவிட்டால் காம் ஷாஃப்ட் சுழலாது. ஆல்ட்டர்னேட்டரை வேறு மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாலும், பழைய டைனமோவின் கூட்டுக்குள் வெறும் தண்டாவது நின்று சுழல வேண்டும். உத்தியோகம் போன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத நிலை! அதே கூட்டுக்குள் சிறிய ஆல்ட்டர்னேட்டரை அடக்கலாம் என்றால், மேலேயிருந்து சொட்டும் எண்ணெய் இதையும் விடாது.

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் வருகிறது. 1930-ல் தெருவில் இருந்த வண்டிகள் எத்தனை, இன்றைக்கு இருப்பவை எத்தனை? பின்னால் வரும் லாரிக்காரன் கண்ணுக்கு உங்கள் மங்கலான சிவப்பு விளக்கு படாவிட்டால், வண்டியின் புராதனப் பெருமை உங்கள் உயிரைக் காப்பாற்றாது. ஆகவே வெளிச்சம் வேண்டும் என்கிறவனைக் குறை சொல்ல மாட்டேன். மறுபக்கத்தில், அந்த நிமிர்ந்த டைனமோவை எடுத்துவிட்டால், ஆகாய விமானத்திலிருந்து பந்தய மைதானம் வரையில் வந்த பரம்பரையின் கையெழுத்தையே அழித்துவிட்டதாகாதா என்று கேட்கிறவனும் முட்டாள் அல்ல.

பழைய வண்டிக் கழகங்களின் சர்வதேசச் சம்மேளனம் 1966-ல் ஏற்பட்டது. அது 2012-ல் டூரின் நகரத்தில் ஏற்றுக்கொண்ட சாசனம் ஒன்று இந்த வழக்கில் நியாயமான தீர்ப்பு சொல்கிறது. பத்திரத்தை உத்தேசித்து மாறுதல் செய்ய நேர்ந்தால் செய்யலாம். ஆனால் அது கண்ணை உறுத்தக் கூடாது. வேண்டும்போது திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். செய்ததை எழுதி வைக்க வேண்டும். இதைவிட எளிதான சொற்களில் நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள்: வாடகை வீட்டில் ஆணி அடிக்காதே என்று.

என் அபிப்பிராயமும் அதுதான். பழைய வண்டியை வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல; தம் முறை வந்த வரையில் குடியிருப்பவர். வெளிச்சத்துக்காக ஆல்ட்டர்னேட்டர் வைக்கட்டும். ஆனால் அதற்காக யந்திரத்தின் வார்ப்பில் புதிய துவாரம் போட வேண்டாம். ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் ஒரு தாங்கியை மாட்டி அதில் தொங்கவிட வழி பார்க்கட்டும். அதைவிட முதலில், மேலேயிருந்து ஒழுகும் எண்ணெய்க்கு நல்ல அடைப்பு ஒன்று போட்டுப் பார்க்கட்டும். பல சமயங்களில் டைனமோவுக்கு வேண்டியது இடமாற்றம் அல்ல. மேலே குடியிருப்பவனை ஒழுங்காக இருக்கச் செய்வதுதான்.

அப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாமல், துடைத்து எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த வண்டியுடையது, எப்போது எடுத்தது, பற்களின் அடையாளம் எது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, பெட்டியில் வைக்கட்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்து அந்த வண்டியை வாங்குகிற பையன் ஒருவன் பெட்டியைத் திறப்பான். அதை மாட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கும் மிச்சம் இருக்கட்டும்.